ஆஸ்க்கூஸ் என்று ஒரே ஒரு வீட்டுக்குப் பெயர் வந்த கதை

மனிதன் பேசினால் பறவைக்கும் பறவை பேசினால் மனிதனுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் டிப்னி என்று ஒரு சதுப்பு நிலத்து ஊர் இருந்தது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அந்த ஊர் ஆண்கள் எல்லாருக்கும் ஒரே பெயர். கேட்கும்போது உங்களுக்குத் தலை சுற்றினால் என்னைத் திட்டாதீர்கள். சொல்கிற எனக்கும் சுற்றத்தான் செய்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்த நாளிலிருந்தே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஊருக்கு ஒரு பிரபு. அவர் பெயர் வால்டர். அவர் பிறந்த அன்று அவருடைய அப்பா சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் ஊரில் பிறக்கிற எந்த ஆண்பிள்ளைக்குத் தன் மகன் பெயரை வைத்தாலும், ஞானஸ்நானம் முடிந்த கையோடு மாளிகைக் கொட்டிலிலிருந்து ஒரு வாத்துக் குஞ்சு இலவசம். வாத்து என்றால் நம் வயலில் கூட்டமாக மேயுமே, அந்தக் குட்டை வாத்து இல்லை. இது பெரிய ஜாதி. வெள்ளை வெளேரென்று, முழ நீளக் கழுத்தோடு, வளர்ந்து நிமிர்ந்து நின்றால் உங்கள் இடுப்புக்கு வரும். இலவசம் என்றால் யார் விடுவார்கள்? பிறந்த பிள்ளை ஒவ்வொன்றும் வால்டர் ஆனது. தாத்தா பெயர், புனிதர் பெயர் எல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒருத்தி இரட்டைப் பிள்ளை பெற்று, இரண்டுக்கும் வால்டர் என்று வைத்து, இரண்டு குஞ்சு வாங்கிக்கொண்டு போனாள். அவளை என்னவென்று சொல்வது!

பிரபுவுக்கு அறுபது வயது ஆனபோது, ஊரில் உடம்பில் தெம்புள்ள ஆண்கள் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் வால்டர்.

பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். கூப்பிட்டார்கள் ஐயா, கூப்பிட்டார்கள். ஒரு நாள் சந்தையில் யாரோ ஒருவன் தன் கூட்டாளியை "ஏய், மூக்கு வால்டர்!" என்று கத்திவிட்டான். அந்த நேரம் பார்த்துக் குதிரையில் வந்த பிரபு நின்றுவிட்டார். பிரபுவின் மூக்கு கொஞ்சம் பெரியது. கொஞ்சம் என்ன கொஞ்சம், முகம் வந்து சேருவதற்கு முன்னால் அது வந்துவிடும். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "இனி என் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ எவனாவது ஒரு சொல்லை ஒட்டினால் சவுக்கடி" என்று சொல்லிவிட்டார். அதோடு பட்டப்பெயரும் ஒழிந்தது.

அதற்கப்புறம் ஊர் பட்ட பாட்டைக் கேட்கவே வேண்டாம். அங்கே பெண்டாட்டி புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "வால்டர், சாப்பிட வா" என்று ஒருத்தி வாசலில் நின்று கூப்பிட்டால், வயலில் பதினெட்டுப் பேர் மண்வெட்டியைக் கீழே போடுவார்கள். ஒருவனுக்கு வந்த செய்தியைக் கேட்டு இன்னொருவன் அழுதிருக்கிறான். எடித் என்ற பெண்ணின் கல்யாணத்தில், கோயில் வாசலில் வேறொரு வால்டர் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நின்றுவிட்டான். பாதிரியார் கூப்பிட்டாராம், இவன் வந்தானாம். எடித் விழிக்கிறாள், அவன் விழிக்கிறான், பாதிரியார் புத்தகத்தைப் புரட்டுகிறார்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ஒரு வாத்துதான். சரியான மாப்பிள்ளையின் கால்சட்டையைக் கவ்வி, தரதரவென்று இழுத்து வந்து எடித்தின் பக்கத்தில் நிறுத்தியது. "இவன்தான். இவனை நான் முட்டை ஓடு காயாத நாளிலிருந்து பார்க்கிறேன்" என்றது.

அந்த வாத்தின் பெயர் சிபில். இப்படி ஒவ்வொரு வால்டருக்கும் ஒரு வாத்து இருந்தது அல்லவா? அந்தக் காலத்து வாத்துக்கு ஆயுசு கெட்டி. மனிதனோடு சேர்ந்து வளரும், சேர்ந்தே கிழமாகும். இருட்டிலும் மூடுபனியிலும் தன் வால்டர் எவன் என்று அதற்குத் தெரியும். அதோடு, வாத்துக்குப் பொய் சொல்ல வராது. சொல்லக் கூடாது என்று இல்லை, வராது. நமக்குக் காதை ஆட்ட வராத மாதிரி. அதனால் ஊரில் எந்தச் சந்தேகம் வந்தாலும், "வாத்தைக் கேள்" என்பதே பேச்சாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த பிரபுவின் காரியஸ்தர் கில்பர்ட்கூட, யாருக்கு என்ன வேலை என்பதை வாத்துகளிடம்தான் சொல்லி அனுப்புவார். அவர் கையேட்டில் எல்லா வரியிலும் வால்டர், வால்டர், வால்டர் என்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பாவம்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்த மார்ச் மாதம் வந்தது.

மேட்டுநிலத்துப் பனி உருகி, மூன்று நாள் மழையும் சேர்ந்து, ஆறு கரையை முட்டியது. டிப்னி பள்ளத்தில் இருந்த ஊர். தண்ணீர் வீட்டுப் படியேறி உள்ளே வர ஆரம்பித்தது. ஊரில் உள்ளவர்கள் பிள்ளைகளையும் பன்றிகளையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஆற்றின் மறு பக்கத்தில், நல்ல மண்கரை போட்டு, பிரபு மீன்குளம் ஒன்று வைத்திருந்தார். பெரிய பெரிய கெண்டைகள். ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே ரொட்டி போடுவார். பெற்ற பிள்ளைகளிடம் காட்டாத பாசம் அந்த மீன்களிடம்.

எடித்தின் புருஷன் வால்டர் வாய்க்கால் வெட்டுகிறவன். தண்ணீரின் போக்கு அவனுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரில் ஒரு வீடு நிற்காது என்று பார்த்ததும் புரிந்துகொண்டான். மண்வெட்டியை எடுத்தான். மழையில் தனியாகப் பாலத்தைத் தாண்டி ஓடி, குளத்துக் கரையை வெட்டிவிட்டான். ஆறு குளத்துக்குள் பாய்ந்து, அந்தப் பக்கத்துச் சதுப்பில் போய் விழுந்தது. ஊர் பிழைத்தது. ஒரு கோழிகூடச் சாகவில்லை. பிரபுவின் கெண்டைகள் மட்டும் ஒன்று பாக்கியில்லாமல் கடலைப் பார்க்கப் போய்விட்டன.

அவன் வெட்டியதைக் கூடவே இருந்து பார்த்தது சிபில் ஒன்றுதான். மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்த வேலைக்காரிக்கு மழையில் ஒரு முதுகும் ஒரு மண்வெட்டியும் தெரிந்தன. முதுகும் மண்வெட்டியும் ஊரில் எல்லாரிடமும் இருந்தன.

மறுநாள் காலையில் பிரபு காலிக் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. அழுதாரா, கோபமா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"என் கரையை வெட்டினவன் எவன்?"

"வால்டர்தான் பிரபுவே," என்றார் கில்பர்ட். வேறு யாராக இருக்க முடியும்?

"அவனைத் தூக்கில் போடு."

"எந்த வால்டரை, பிரபுவே?"

பிரபு அவரை முறைத்தார். கில்பர்ட் தலையைச் சொறிந்தார். அப்புறம் அவருக்கு யோசனை வந்தது. "மத்தியான மணி அடிக்கும்போது எல்லாரையும் கோயில் திடலுக்கு வரச் சொல்லுவோம். வாத்துகளும் வரட்டும். ஒவ்வொரு வாத்தையும் கேட்போம். உன் வால்டர் வெட்டினானா, இல்லையா? அதுகளுக்குப் பொய் வராது."

இந்தச் சேதியோடு தண்டோராக்காரன் தெருவில் வந்தபோது எடித் அடுப்பில் பார்லிக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஏழாம் மாதம். உடைந்த கரைகளை அடைக்க ஊர் ஆண்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். அவள் புருஷனும் போயிருந்தான். செய்ததை அவன் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். வாசலுக்கு வந்து சிபிலின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சிபில், நீ இல்லைன்னு சொல்லிடு. ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு பொய்."

"வராதே பெண்ணே," என்றது சிபில். "காலையிலேருந்து சொல்லிப் பார்த்துட்டேன். 'அவன் வெட்டலை'ன்னு சொல்ல வாயைத் திறந்தா 'வெட்டினான்'னு வருது. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ பேசாம இரு. என்ன கேட்டாலும் வாயே திறக்காதே."

சிபில் கழுத்தை வளைத்து யோசித்தது. "மத்த பதினேழும் 'என் வால்டர் இல்லை'ன்னு சொல்லும். நான் ஒருத்தி மட்டும் சும்மா நின்னா? விரலை நீட்டிக் காட்டின மாதிரிதானே."

எடித்துக்கு இது தோன்றவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சிபில் எழுந்து வாய்க்கால் பக்கம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மற்ற பதினேழு வாத்துகளையும் கூட்டிக்கொண்டு எடித்தின் வாசலுக்கு வந்தது. வாசல் முழுக்க வெள்ளையாக இருந்தது. சிபில் எதையும் மறைக்கவில்லை. "வெட்டினது என் வால்டர். மத்தியானம் நம்ம எல்லாரையும் கேட்பாங்க. நாம பேசினா அவன் செத்தான். நான் மட்டும் பேசாம இருந்தாலும் அவன் செத்தான். எல்லாருமா வாயை மூடிட்டு நின்னா அடிச்சுப் பேச வைப்பாங்க. நமக்கு எல்லாருக்குமே பேச்சு போயிட்டாத்தான் அவன் பிழைப்பான்" என்றது.

ஒரே இரைச்சல். மாவு அரைக்கிற வால்டரின் வாத்து, ஒரு பழைய சேவல் வாத்து, முன்னால் வந்தது. "உன் வால்டருக்காக என் பேச்சையா? நல்லா இருக்கே நியாயம்!"

"நேத்து உன் வால்டர் வீட்டுல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

சேவல் வாத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சொல்லு. உனக்குப் பொய் வராது."

"தொட்டில் வரைக்கும்," என்றது அது. "தொட்டில்ல புள்ளை இருந்துச்சு." அப்புறம் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்ன வாத்து கேட்டது. "பேச்சு போயிட்டா, மூடுபனியில என் வால்டர் வழி தப்பினா அவனுக்கு யாரு அக்கா வழி சொல்லுவா? நான் அவன்கிட்ட ஒண்ணுமே சொல்ல முடியாதா?"

சிபில் கிட்டே போய் அலகால் அதன் சிறகை நீவியது. "தெரியலைடா கண்ணு," என்றது. "எனக்கும் ஒண்ணும் புரியலை. இது சரியா தப்பான்னும் தெரியலை. அவன் சாகக் கூடாது. அது ஒண்ணுதான் தெரியுது."

அப்புறம் எடித் பக்கம் திரும்பியது. "பெண்ணே, கஞ்சி கொதிக்குதா?"

பசிக்குப் போலிருக்கிறது என்று எடித் நினைத்தாள். இந்த நேரத்தில் கஞ்சி கேட்கிறதே என்று எரிச்சல்கூட வந்தது. உள்ளே போய், தளதளவென்று கொதிக்கிற பானையை அப்படியே தூக்கி வந்து வாசலில் வைத்தாள். "ஆறட்டும், சுடும்" என்றாள்.

"வால்டர்கிட்ட சொல்லு," என்று சிபில் ஆரம்பித்தது. அதற்குள் மாளிகையிலிருந்து கொம்பு ஊதினார்கள். எல்லாரும் திடலுக்குப் புறப்பட வேண்டிய நேரம். சிபில் நிறுத்திக்கொண்டது. எடித் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து மறைய பானைக்குள் விட்டு, கொதிக்கிற கஞ்சியை ஒரு வாய் விழுங்கியது.

எடித் அலறினாள். பானையைத் தள்ளிவிடப் பாய்ந்தாள். சேவல் வாத்து அவள் பாவாடை நுனியைக் கவ்வி இழுத்து நிறுத்திவிட்டு, தானும் போய்க் குனிந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. சின்ன வாத்து கடைசியாக வந்தது. அது குனிவதற்கு முன்னால் எடித்தை ஒரு தடவை பார்த்தது.

மத்தியான மணி அடித்தது. பதினெட்டு வால்டர்களும் ஆற்றிலிருந்து சேறு படிந்த காலோடு வந்து திடலில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவன் பக்கத்திலும் ஒரு வாத்து. பிரபு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மரத்தில் கயிறு தயாராகத் தொங்கியது.

கில்பர்ட் முதல் வாத்திடம் போனார். "உன் வால்டர் வெட்டினானா?"

"க்வாங்க்," என்றது வாத்து.

கில்பர்ட் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டு மறுபடி கேட்டார். மறுபடி அதே சத்தம். அடுத்த வாத்து. "க்வாங்க்." அடுத்தது. "க்வாங்க்." பதினெட்டையும் கேட்டு முடித்தபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "என்னய்யா இது, உங்க வாத்துகளுக்கு என்ன வந்தது?" என்று வால்டர்களைக் கேட்டார். அவர்களுக்கு மட்டும் என்ன தெரியும்? அவனவன் தன் வாத்தைக் குனிந்து பார்க்கிறான், தடவிப் பார்க்கிறான், பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒருவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

எடித்தின் வால்டர் சிபிலைப் பார்த்தான். எடித்தைப் பார்த்தான். அவள் சேலையெல்லாம் கஞ்சி தெறித்திருந்தது என்று சொல்லியிருப்பேன், ஆனால் அந்த ஊரில் சேலை ஏது, பாவாடையெல்லாம் தெறித்திருந்தது. அவனுக்கு மெல்ல மெல்ல விஷயம் விளங்கியது. நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தான். சிபில் அவன் கெண்டைக்காலில் ஒரு கொத்துக் கொத்தியது பாருங்கள், ரத்தமே வந்துவிட்டது. அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

பிரபு எழுந்து வந்து ஒவ்வொருவனையும் நேருக்கு நேராகக் கேட்டார். "நீயா வெட்டினது?"

"என் வாத்தைக் கேளுங்க பிரபுவே," என்றான் முதல்வன். இத்தனை வருஷப் பழக்கம், வாயில் அதுதான் வந்தது. இரண்டாவது ஆளுக்கும் அதுதான் வந்தது. பதினெட்டுப் பேரையும் தூக்கில் போட்டுவிடலாமா என்று பிரபு யோசித்தார். போட்டால் ஆற்றங்கரையை யார் அடைப்பது, நிலத்தை யார் உழுவது? யார் என்றே தெரியாதவனை எப்படித் தண்டிப்பது? தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"எல்லாம் என் பெயரால் வந்த வினை," என்றார் கடைசியில். "கில்பர்ட், இனிமேல் ஒவ்வொருவனுக்கும் பின்னால் இன்னொரு பெயர் வை. அடுத்த தடவை தூக்கில் போட வேண்டியவன் எவன் என்று எனக்குத் தெரிய வேண்டும். உன் வேலை என்ன, உன் வீடு எங்கே, எதையாவது சொல்லச் சொல். எழுது."

மாவு அரைக்கிறவன் மில்லர் ஆனான். ரொட்டி சுடுகிறவன் பேக்கர். குன்றுப் பக்கத்தில் வீடு இருந்தவன் ஹில். ஓடைப் பக்கத்தவன் புரூக். கில்பர்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடகடவென்று எழுதிக்கொண்டே வந்தார். எடித்தின் புருஷன் முன்னால் வந்து நின்றான்.

"நீ என்ன வேலை செய்கிறாய்?"

அவன் என்னவென்று சொல்வான்? வாய்க்கால் வெட்டுகிறேன் என்றால் கரையை வெட்டினவன் அகப்பட்டான். வீடு எங்கே என்றால் குளத்துக்கு நேர் எதிரே. அப்பா பெயரைச் சொல்லலாம் என்றால் அப்பாவும் வால்டர்! பொய்யாக ஏதாவது சொல்லலாம், ஆனால் சுற்றி நிற்கிற பதினேழு பேருக்கும் அவனைத் தெரியும், ஒருவனாவது சிரித்துவிட்டால் போச்சு. எடித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கில்பர்ட் பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு நின்றார்.

அவன் குனிந்து சிபிலைப் பார்த்தான். அது அவனை அண்ணாந்து பார்த்தது.

"நான் யாருன்னு எனக்குத் தெரியலைங்க," என்றான். குரல் உடைந்துவிட்டது. "அதுக்குத்தான் தெரியும். வாத்தைக் கேளுங்க."

பிரபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளம் போன துக்கத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு. "இந்த அசட்டுப் பயல் கரையை வெட்டியிருக்க மாட்டான். பெயர் கேட்டால் வாத்தைக் கேள் என்கிறான். அதையே எழுது!"

கில்பர்ட் எழுதினார். அவர்கள் பாஷையில் அதற்கு ஆஸ்க்கூஸ் என்று வரும். வால்டர் ஆஸ்க்கூஸ். அப்படியாக அவன் உயிர் தப்பியது.

மே மாதம் எடித்துக்குப் பிள்ளை பிறந்தது, ஆண். அதற்கு ஹ்யூ என்று பெயர் வைத்தார்கள். தெருப் பிள்ளைகள் அந்தக் குடும்பத்தைக் கண்டால் வாத்து மாதிரி கத்திக்காட்டுவார்கள். சில வருஷம் கழித்து, பழைய பிரபு செத்துப் புதிய பிரபு வந்தார். அவர் நல்லவர். "உன் பெயர் கேலியாக இருக்கிறதே, வேறு நல்ல பெயர் தரட்டுமா?" என்று கேட்டார். "வாத்தைக் கேட்டுட்டு வந்து சொல்றேங்க" என்று வீட்டுக்குப் போனான் வால்டர். திரும்பி வரவே இல்லை.

வேலை முடிந்து வந்ததும் தினமும் வாசலில் சிபிலின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். "அன்னைக்கு எனக்கு என்ன சொல்ல வந்தே?" என்று கேட்பான். சிபில் "க்வாங்க்" என்னும். கோபமாகச் சொல்கிறதா, ஆசையாகச் சொல்கிறதா, கரையை வெட்டியிருக்கவே வேண்டாம் என்கிறதா? அவனுக்கு ஒரு நாளும் புரியவில்லை. எடித்தைக் கேட்பான். "எனக்கும் தெரியலையே வால்டர்" என்று அவளும் அழுவாள். மறுநாளும் போய்க் கேட்பான். அவனுக்கும் சிபிலுக்கும் வயதாகி, ஒரே குளிர்காலத்தில் செத்துப்போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.

மில்லரும் பேக்கரும் ஹில்லும் புரூக்கும் எல்லா ஊரிலும் உண்டு. மாவு அரைக்காத ஊர் ஏது, குன்றும் ஓடையும் இல்லாத ஊர் ஏது? ஒரு மனிதன் சாகக் கூடாது என்று பதினெட்டு வாத்துகள் வாயைச் சுட்டுக்கொண்டது டிப்னியில் மட்டும்தான். அதனால்தான் அந்த நாடு முழுக்கத் தேடினாலும் ஆஸ்க்கூஸ் என்று ஒரு குடும்பத்துக்கு மேல் அகப்படாது.

அன்று முதல்தான், அறிமுகமில்லாத ஆள் ஒருவன் வாசலில் வந்து நின்று வீட்டுக்காரன் யார் என்று கேட்டால், வாத்து கழுத்தை நீட்டிச் சீறுகிறது. உயிரே போனாலும் அவன் பெயரைச் சொல்லாது.